வீட்டில் சைக்கிள் திருத்துவோர் விடும் பிழைகள்



கடிகாரத்தின் பற்சில்லுகள் மூடிக்குள் மறைந்திருக்கின்றன. தையல் இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் இரும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. மோட்டார் வண்டியின் மூடியைத் திறந்து பார்த்தாலும் நமக்கு விளங்குவன சில, விளங்காதன பல. துவிச்சக்கர வண்டி, அதாவது நாம் நாள்தோறும் சைக்கிள் என்று வழங்கும் அந்த எளிய வண்டி, அப்படிப்பட்டதன்று. சில்லு, கம்பி, செயின், பெடல், பிறேக் முதலிய யாவற்றையும் வெளியே காட்டிக்கொண்டு அது சுவரிலே சாய்ந்து நிற்கின்றது. அதனைக் காணும் எவருக்கும், "இதைத் திருத்த நான் போதாதா?" என்ற எண்ணம் எழுதல் இயல்பே.

இந்த எண்ணத்திலிருந்துதான் இன்று நாம் பேசப்போகும் பிழைகள் எல்லாம் பிறக்கின்றன. உறுப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பது உண்மை. ஆனால், ஓர் உறுப்பு ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது என்ற காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காரணம் அறியாது கழற்றியவர், பூட்டும்போது தடுமாறுகின்றார். அவர் விட்ட பிழையைத் தெருவிற் செல்வோர் யாவரும் காண்கின்றனர். பாடசாலைப் பரீட்சையில் விட்ட பிழையைத் திருத்துபவர் ஒருவரே அறிவார். சைக்கிளிற் பூட்டிய பிழையையோ சந்தி முழுவதும் அறிந்துவிடும். சில பிழைகள் சிரிப்போடு முடிந்துவிடும். வேறு சில, ஏறிச் செல்பவரின் எலும்பை முறிக்கக் கூடியன. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பதே வீட்டில் சைக்கிள் திருத்த விரும்புவோர்க்கு முதற் பாடமாகும்.

நம் நாட்டில் இது சிறிய விடயமன்று. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாது போயிற்று; எரிபொருளும் அரிதாயிற்று. அந்த ஆண்டுகளில் நோயாளியும் விறகும் நெல்மூடையும் சைக்கிளிலேயே சென்றன. இரவிலே சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி, அதிலிருந்து வரும் சிறு மின்னோட்டத்தால் வானொலி கேட்ட குடும்பங்கள் பல. பின்னர் 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் நெருக்கடி உண்டானபோது, பல்லாண்டுகளாக மூலையிற் கிடந்த சைக்கிள்களை மக்கள் தூசு தட்டி வெளியே எடுத்தனர். புதிய வண்டியின் விலையோ எட்டாத உயரத்துக்குச் சென்றது. ஆகவே பழைய றலியையும் ஹம்பரையும் லுமாலாவையும் முற்றத்திலே தலைகீழாக நிறுத்தி, கையிற் கிடைத்த ஸ்பனரோடு அருகில் அமர்ந்தோர் தொகை பெருகிற்று. பிழைகளும் உடன் பெருகின.

பிழை விடுவோர் மனம் தளரவேண்டியதில்லை. காற்றடைத்த ரயரை நமக்குத் தந்தவரும் வீட்டிலே சைக்கிள் வேலை பார்த்தவர்தாம். ஸ்கொத்லாந்திலே பிறந்த ஜோன் பொய்ட் டன்லொப் என்பவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்தார். 1887ஆம் ஆண்டில் தம் மைந்தனுடைய முச்சக்கர வண்டி கற்பாதையிலே குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காக இறப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சில்லிற் பொருத்திப் பார்த்தார். முயற்சி பலித்தது. 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆனால், அதே கருத்துக்கு றொபர்ட் வில்லியம் தொம்சன் என்னும் மற்றொரு ஸ்கொத்லாந்தியர் 1845ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பது டன்லொப்புக்குத் தெரியாது. உண்மை வெளிவந்ததும் 1890இல் டன்லொப்பின் காப்புரிமை செல்லாதென முடிவாயிற்று. முன்னவர் செய்ததை ஆராயாமல் தொடங்கியது அவருக்கு நேர்ந்த சங்கடம். எனினும் அவர் தம் வேலையை மறைக்கவுமில்லை, கைவிடவுமில்லை. இன்று உலகம் அவர் பெயரையே ரயரோடு சேர்த்து வழங்குகின்றது.

இனி, ரயரிலிருந்தே தொடங்குவோம். வீட்டுத் திருத்தங்களில் மிகச் சாதாரணமானது காற்றுப்போன சில்லுக்கு ஒட்டுப் போடுதல். இங்கே விடப்படும் முதற் பிழை, துளையே இல்லாத ரியூபிலே துளை தேடுவதாகும். பழைய வண்டிகளின் வால்வில், அதாவது வால்கட்டையில், மெல்லிய சிறு இறப்பர்க் குழாயொன்று மாட்டப்பட்டிருக்கும். உள்ளே செலுத்திய காற்று திரும்பி வெளியேறாது தடுப்பது அதுவே. நாளடைவில் அது காய்ந்து வெடித்துவிடும். இதனை அறியாதவர் ரயரைக் கழற்றி, ரியூபை உருவி, வாளித் தண்ணீரிலே அங்குலம் அங்குலமாக அமிழ்த்திப் பார்த்து, குமிழி காணாமல் அரைநாளைக் கழிப்பார். சில்லைக் கழற்றுமுன் வால்வின் வாயில் ஒரு துளி நீரை வைத்துப் பார்த்தாற் போதும். நீர் குமிழியிட்டால் குற்றம் அங்கேயே உள்ளது. அதன் இறப்பரை மாற்றுதல் சில நிமிட வேலை.

இரண்டாவது பிழை, விளைவைத் திருத்திவிட்டுக் காரணத்தை விட்டுவிடுதல். ரியூபிலே முள் குத்திய இடத்தைக் கண்டு, அழகாக ஒட்டுப் போட்டு, காற்றடித்து, பெருமையோடு வீதிக்குச் செல்கின்றார் ஒருவர். கால் மைல் செல்லுமுன் சில்லு மீண்டும் தரையைத் தொடுகின்றது. முள் ரியூபிலன்று, ரயரிலே நிற்கின்றது என்பதை அவர் எண்ணவில்லை. ரயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, முள்ளையோ கண்ணாடித் துண்டையோ எடுத்த பின்னரே ரியூபை உள்ளே வைத்தல் வேண்டும். துளை ரியூபின் உட்பக்கத்தில், றிம்மை நோக்கிய புறத்தில் இருக்குமாயின், காரணம் முள்ளன்று. றிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையே அதைக் குத்தியிருக்கலாம். அந்த முனையை அராவி, அதை மூடும் நாடாவைச் சரியாக இட்டாலன்றி எத்தனை ஒட்டுப் போட்டும் பயனில்லை.

மூன்றாவது பிழை அவசரத்தால் வருவது. சொலூசனைப் பூசியவுடன் ஈரத்தோடு ஒட்டை வைத்து அழுத்துவோர் பலர். சொலூசன் கஞ்சிப் பசையைப் போன்றதன்று. அதிலுள்ள திரவம் ஆவியாகிப் போனபின் எஞ்சி நிற்கும் இறப்பரே ஒட்டும் தன்மையுடையது. ஆதலால் ரியூபை அரத்தாளால் உரஞ்சித் துடைத்து, மெல்லியதாகப் பூசி, ஏறக்குறைய ஐந்து நிமிடம் காயவிட்டு, பளபளப்பு மங்கிய பின்னரே ஒட்டை வைத்தல் வேண்டும். வாயால் ஊதிக் காயவைப்பதும் நன்றன்று. மூச்சோடு ஈரமும் சேர்ந்து செல்லும்.

நான்காவது பிழை, ரயரை மீண்டும் மாட்டும்போது நிகழ்வது. இறுதியாக எஞ்சும் சாண் நீளம் றிம்முக்குள் இறங்க மறுக்கும். உடனே திருப்புளியோ தேக்கரண்டியோ எடுத்து நெம்புவார்கள். ரயர் உள்ளே போய்விடும். ரியூபிலோ புதிய துளை விழுந்துவிடும். ஒரு துளையை அடைத்து மற்றொன்றை உண்டாக்கும் இந்த வேலையை ஒரே மாலையில் மூன்று முறை செய்வோரும் உளர். ரயரின் எதிர்ப்புற ஓரங்களை றிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால் இப்புறத்தில் தளர்ச்சி கிடைக்கும். பின்பு இரு பெருவிரல்களே போதும். கருவி வேண்டியதில்லை.

அடுத்து, திசை அறியாமையால் வரும் பிழைகளைப் பார்ப்போம். இவற்றுள் தலையாயது இடப்பக்கப் பெடலைக் கழற்ற முயல்வது. சங்கிலே வலம்புரியும் இடம்புரியும் இருப்பதுபோல, மரையிலும் இருவகை உண்டு. நாம் வழக்கமாகக் காணும் ஆணிகள் வலப்பக்கம் சுழற்ற இறுகுவன. சைக்கிளின் வலப்பெடல் அவ்வகையினது. இடப்பெடலோ அதற்கு மாறாக இடப்பக்கம் சுழற்ற இறுகுவது. இதனை அறியாதவர், பெடல் துருவேறிப் பிடித்துவிட்டதென எண்ணி, மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பனரின் முனையிலே நீண்ட இரும்புக் குழாயை மாட்டி, முழுப் பலத்தோடும் அழுத்துவார். கழற்றுவதாக எண்ணி அவர் செய்வதெல்லாம் மேலும் மேலும் இறுக்குவதே. முடிவில் பெடல் வருவதில்லை. கிராங்கின் மரை அழிந்துபோகின்றது.

இடப்பெடலை ஏன் இவ்வாறு அமைத்தார்கள்? உரலின் வாய்க்குள் உலக்கையை நிறுத்தி, அதன் பக்கம் உரலின் உட்சுவரோடு ஒட்டியபடி வலமாக உருட்டிக்கொண்டு சென்றால், உலக்கை தன்னளவில் இடமாகச் சுழல்வதைக் காணலாம். பெடலின் அச்சும் கிராங்கின் துளைக்குள் இப்படித்தான் மிக நுண்ணிய அளவில் உருள்கின்றது. மிதிக்கும் கால் எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துகின்றது, கிராங்கோ சுற்றிக்கொண்டிருக்கின்றது. ஆகவே அழுத்தம் விழும் இடம் துளையின் உட்சுவரைச் சுற்றி நகர்கின்றது. அச்சு அதற்கு எதிராகச் சிறிது சிறிதாகத் திரும்ப முயல்கின்றது. இடப்புறத்திலும் வழக்கமான மரை இருக்குமானால் நாள்தோறும் மிதிக்க மிதிக்கப் பெடல் தளர்ந்து ஒருநாள் வீதியில் விழுந்துவிடும். அதைத் தடுக்கவே மாற்று மரை வெட்டப்பட்டது. நினைவில் வைக்க எளிய விதி ஒன்று உண்டு. ஸ்பனரைப் பெடலின் அச்சில் மேல்நோக்கி நிற்க மாட்டுங்கள். அதன் தலையை வண்டியின் பின்பக்கம் தள்ளினால் எந்தப் பெடலும் கழலும். முன்பக்கம் தள்ளினால் எந்தப் பெடலும் இறுகும். பெடல்களின் அச்சு முனையில் இடம், வலம் என்பவற்றைக் குறிக்கும் எல், ஆர் என்னும் ஆங்கில எழுத்துகளும் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும்.

கிராங்கை அச்சோடு பிணைக்கும் கொட்டர் ஆணியிலும் திசை உண்டு. பழைய வண்டிகளில் இரு புறமும் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. ஒரு கிராங்கில் எவ்வாறு செருகப்பட்டதோ, மற்றதில் அதற்கு எதிர்த் திசையாகச் செருகுதல் வேண்டும். இரண்டையும் ஒரே திசையிற் செருகிவிட்டால் கிராங்குகள் நேர்கோட்டில் நில்லாமல் சற்றே மடங்கி நிற்கும். ஏறி மிதிப்பவரின் ஒரு கால் முந்தியும் ஒரு கால் பிந்தியும் செல்ல, வண்டி நொண்டுவதுபோலத் தோன்றும். "என்ன தம்பி, சைக்கிளுக்குக் காலிலை சுளுக்கோ?" என்று படலையடியில் நிற்பவர் கேட்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

செயினைப் பிணைக்கும் கண்ணியில் சிறு கவ்வி ஒன்று இருக்கும். அதன் ஒரு முனை மூடியது. மறு முனை பிளவுபட்டது. மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். மாறிப் பூட்டினால், எதிர்ப்படும் ஏதாவதொன்று பிளவிலே தட்டி, கவ்வி கழன்று, செயின் நடுவழியில் அறுந்ததுபோல வீழ்ந்துவிடும். கேபிள் பிறேக் உள்ள வண்டிகளிலே, கிறீஸ் பூசுவதற்காக முன்சில்லைத் தாங்கும் கவையைக் கழற்றியவர் அதனைப் பின்முன்னாக மாட்டிவிடுவதும் உண்டு. வண்டி தலைகீழாக நிற்கும்போது முன்பின் தெரியாமல் மயங்குவதே இதற்குக் காரணம். இவ்வாறு மாட்டிய சில்லு பெடலுக்கு நெருங்கி வந்துவிடும். திரும்பும்போது மட்காட் காற்பெருவிரலிலே தட்டும். "என்ன மாஸ்ரர், புது மாதிரிச் சைக்கிளோ?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு மாஸ்ரர் என்ன மறுமொழி சொல்வார்?

இவை சிரிக்கத்தக்கவை. ஆனால், திசைப் பிழைகளுள் ஒன்று சிறிதும் சிரிக்கத்தக்கதன்று. அது பிறேக் கட்டையைப் பற்றியது. இறப்பர்க் கட்டையைத் தாங்கும் தகட்டுக் கூடு பல வண்டிகளில் ஒரு முனையில் மூடியும் மறு முனையில் திறந்தும் இருக்கும். மூடிய முனை, றிம் சுழன்று செல்லும் திசையில் இருத்தல் வேண்டும். அப்போது பிறேக்கை அழுத்தும்போது றிம் கட்டையை மூடிய முனையோடு தள்ளிப் பிடித்துக்கொள்ளும். மாறிப் பூட்டினால், அதே றிம் கட்டையைத் திறந்த முனையால் வெளியே உருவிவிடும். இப்பிழை வீட்டு முற்றத்திலே புலப்படாது. மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது பிறேக் நன்றாகவே பிடிக்கும். இறக்கத்திலே வேகமாகச் செல்லும்போது, எதிரே வாகனம் வரும்போது, முழுப் பலத்தோடும் அழுத்தும் அந்த ஒரு கணத்திலேதான் கட்டை பறந்துபோகும்.

எண்ணெயும் ஒரு பெரும் பிழைக்களம். பிறேக் கீச்சிடுகின்றது என்று றிம்முக்கு எண்ணெய் பூசியவர்கள் இருக்கின்றார்கள். ஓசை உடனே நின்றுவிடும். அதனோடு பிறேக்கும் நின்றுவிடும். பிறேக் பிடிப்பது உராய்வினால். எண்ணெய் செய்வது உராய்வைக் குறைப்பது. மழையில் நனைந்த இரும்பு றிம்மே பிறேக்குக்கு எளிதில் அடங்காது. எண்ணெய் பூசிய றிம்மைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தவறிப் பட்டுவிட்டால் சவர்க்கார நீரால் றிம்மை நன்கு கழுவி, கட்டையின் மேற்பரப்பை அரத்தாளால் உரஞ்சிவிடுதல் வேண்டும்.

சமையலறை எண்ணெயைச் செயினுக்கு இடுவோரும் பலர். நல்லெண்ணெய் போன்றவை காற்றுப்பட்டு நாளடைவிற் பிசினாகின்றன. அந்தப் பிசினிலே தெருப் புழுதி படிந்து அரத்தைப்போலச் செயினைத் தேய்க்கின்றது. தேங்காயெண்ணெயோ ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துபோவது. கொழும்பிலே ஓடிய செயின் நுவரெலியாவின் அதிகாலைக் குளிரிலே மெழுகு பூசியதுபோல் இறுகி நிற்கும். இயந்திர எண்ணெயில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி வைத்து, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுவதே முறை. மண்ணெண்ணெயால் செயினைக் கழுவுவதில் தவறில்லை. ஆனால், கழுவியபின் எண்ணெயிட மறப்பது பெரும் தவறு. ரயரையும் மண்ணெண்ணெயால் துடைத்துப் பளபளப்பாக்க முயல்வது அதனினும் பெரிய தவறு. இறப்பர் அதை உறிஞ்சிப் பருத்து வலுவிழந்துவிடும்.

இனி, சில்லின் நடுவிலுள்ள குடத்தைத் திறப்போரைக் கவனிப்போம். அதனுள்ளே போல்ஸ் எனப்படும் உருக்கு உருண்டைகள் இருக்கின்றன. பெரும்பாலான பழைய வண்டிகளின் முன்சில்லில் பக்கத்துக்கு 10 உருண்டைகளும், பின்சில்லில் பக்கத்துக்கு 9 உருண்டைகளும் உண்டு. முன்னவை ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு பருமனுடையன. பின்னவை கால் அங்குலம். இத்தொகையை அறியாது முற்றத்து மணலிலே வைத்து அச்சை உருவியவர், உருண்டைகள் நாலாபக்கமும் சிதறி ஓடுவதைக் கண்ட பின்னரே அவற்றை எண்ண நினைப்பார். பழைய வேட்டித் துண்டொன்றை விரித்து, அதன்மேல் வைத்துத் திறந்திருந்தால் இந்தத் தேடல் நேராது. காணாமற்போன ஒன்றிரண்டுக்குப் பதிலாகப் புதியன வாங்கிப் பழையனவற்றோடு கலப்பதும் தகாது. பழையவை தேய்ந்து சிறுத்திருக்கும்; புதியது சற்றே பெரிதாக இருப்பதால் பாரம் முழுவதும் அதன்மேல் விழும். மாற்றுவதாயின் ஒரு பக்கத்துக்குரிய முழுத்தொகையையும் மாற்றுவதே சிறந்தது.

உருண்டைகளை வைத்தபின் கோனை எவ்வளவு இறுக்குவது? ஆட்டம் இருக்கக் கூடாதென்று பலர் முழுப் பலத்தோடும் இறுக்கிவிடுகின்றனர். சில்லு சுழல மறுக்கும். சில நாளிலே உருண்டையும் கிண்ணமும் குழி விழுந்துபோகும். சரியாக அமைந்த சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி மெதுவாக விட்டால், வால்வின் சிறு பாரமே அதனை இழுத்துச் சென்று கீழே நிறுத்தும். பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் ஆட்டமும் தெரியாது. விலையில்லாத இந்தச் சோதனையை எவரும் செய்யலாம்.

வேறு வண்டியின் உறுப்பைப் பலவந்தமாகப் பூட்டுவதும் வீட்டிலே நிகழும் பிழைதான். எல்லாச் சைக்கிளும் ஒன்றென்றே நாம் நினைக்கின்றோம். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலே உருவான றலி வண்டிகள் பலவற்றில், பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணங்களுக்கு அங்குலத்துக்கு 26 மரை வெட்டப்பட்டது. மற்றைப் பிரித்தானிய வண்டிகளிற் பொதுவாக இருந்தது 24. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதற் சுற்றிலே பொருந்துவதுபோலவும் இருக்கும். பின்பு இறுகும்போது, 'கொஞ்சம் பலமாகத் திருகினால் போய்விடும்' என்று திருகுவார்கள். போவது கிண்ணமன்று, வண்டியின் மரை. கையால் இரண்டு மூன்று சுற்று இலகுவாகச் செல்லாத எந்த மரைக்கும் ஸ்பனர் இடாதிருத்தல் நல்ல விதி.

நெளிந்த சில்லை நிமிர்த்துவதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பழைய பிரித்தானிய வண்டிகளின் முன்சில்லில் 32 கம்பிகளும் பின்சில்லில் 40 கம்பிகளும் இருந்தன. இவற்றுட் பாதி குடத்தின் வலப்புறத்திலிருந்தும் பாதி இடப்புறத்திலிருந்தும் றிம்மை இழுத்துப் பிடிக்கின்றன. றிம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால், அவ்விடத்தில் வலப்புறத்துக் கம்பிகளை இறுக்கி, இடப்புறத்தனவற்றைச் சிறிது தளர்த்துதல் வேண்டும். அதுவும் ஒருமுறைக்குக் கால் சுற்றே. அறியாதவர் கண்ட கம்பியையெல்லாம் இறுக்கிக்கொண்டு செல்வார். சிறிது நெளிந்திருந்த றிம் கடைசியில் எட்டு என்னும் இலக்கத்தைப்போல வளைந்து நிற்கும்.

இறுதியாக, உயிரோடு தொடர்புடைய மற்றொரு பிழையைச் சொல்லுதல் வேண்டும். ஹாண்டிலின் தண்டை உள்ளிருந்து பிடிப்பது ஓர் ஆப்பு. மேலேயுள்ள ஆணியைத் தளர்த்தினால் மட்டும் அது விடுவதில்லை. ஆணியின் தலையில் மரக்கட்டையை வைத்து ஒருமுறை தட்டினால் ஆப்பு கீழிறங்கித் தண்டு விடுபடும். இதனை அறியாது ஹாண்டிலோடு மல்லுக்கட்டி வியர்ப்பவர், பின்பு அதனை உயர்த்தி வைத்துவிட்டு ஆணியை அரைகுறையாக இறுக்கிவிடுவார். வண்டி நேராகச் செல்லும்வரை ஒன்றும் தெரியாது. சந்தியிலே திருப்பும்போது ஹாண்டில் திரும்பும். முன்சில்லு நேரே போகும். தண்டிலே குறிக்கப்பட்ட எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஹாண்டிலை உயர்த்துவதும் இதே ஆபத்தைத் தரும்.

ஆகவே, திருத்திய வண்டியை எவரிடமும் கொடுக்குமுன் ஐந்து சோதனைகள் செய்தல் நலம். முன்சில்லை முழங்கால்களுக்கிடையே இறுகப் பிடித்து ஹாண்டிலைத் திருப்பிப் பாருங்கள்; அது தனியே திரும்பக் கூடாது. இரு சில்லுகளையும் உயர்த்திச் சுழற்றி, அச்சு நட்டுகள் இறுகியுள்ளனவா என்று பாருங்கள். ஒவ்வொரு பிறேக்கையும் முழுப் பலத்தோடு அழுத்தி வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். கட்டை அசையக் கூடாது. செயினின் நடுவை விரலால் உயர்த்திப் பாருங்கள். ஏறக்குறைய அரை அங்குலத் தளர்ச்சி போதும். வேலைக்கு விரித்த துணியைப் பாருங்கள். ஒரு நட்டோ வளையமோ எஞ்சிக் கிடந்தால் வேலை முடியவில்லை என்பதே பொருள். இவற்றின் பின்னர், திருத்தியவர் தாமே முதலில் ஏறி, முற்றத்திலோ ஒழுங்கையிலோ ஓட்டிப் பார்த்தல் வேண்டும். பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையைச் சோதனைக்கு ஏற்றலாகாது.

நேயர்களே, நமது ஊர்களிலே ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். பொழுது சாய்ந்தபின், தெரு வெறிச்சோடிய வேளையில், ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்கு வருவார். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆர் இதைக் கழற்றினது?" என்று கேட்பார். வந்தவர், "ஒருத்தரும் கழற்றேல்லை, அது தானாய்க் கழன்று போச்சு" என்பார். கடைக்காரர் சிரிக்காமல் வேலையைத் தொடங்குவார். அவர் இதைப் பலமுறை கேட்டவர்.

அந்த மறுமொழி அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும் அதிலேதான் ஆபத்து இருக்கின்றது. எதைக் கழற்றினோம், எதை மாற்றிப் பூட்டினோம், எது இறுகவில்லை என்று சொல்லிவிட்டால் கடைக்காரர் நேரே அவ்விடத்தைப் பார்ப்பார். மறைத்துவிட்டால் அவர் வேறிடத்தைத் தேடுவார். நாம் விட்ட பிழை வண்டியோடு வீடு திரும்பும். அவ்வண்டியின் கரியரிலே நாளைக்கு மனைவியோ தாயோ அமர்ந்திருப்பார். முன் பாரிலே குழந்தை அமர்ந்திருக்கும். பெடல் மரை அழிந்ததைச் சொல்லும் வெட்கம் ஒரு நிமிடம் நிற்கும். பிறேக் கட்டை பறந்ததால் உண்டான காயம் அவ்வளவில் நிற்பதன்று.

சைக்கிளை வீட்டில் திருத்துவது நல்ல பழக்கம். பணத்தை மிச்சப்படுத்துவது மட்டுமன்று, காரியத்துக்குக் காரணம் தேடும் புத்தியையும் அது வளர்க்கின்றது. பிள்ளைகளை அருகில் இருத்திக்கொண்டு, இந்த மரை ஏன் மாறியிருக்கின்றது, இந்தக் கட்டைக்கு ஏன் ஒரு முனை மூடியிருக்கின்றது என்று கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். பூட்டியது பிழைத்துப்போனால் அதையும் அவர்கள் முன்னிலையிலேயே கழற்றிச் சரியாகப் பூட்டுங்கள். பிழையைக் கண்டால் மறைக்காமல் திருத்துவது எப்படி என்பதையும் அவர்கள் அந்த முற்றத்திலேயே கற்றுக்கொள்வார்கள்.